‘இனி கவனமா இருக்கணும்’ என்று எழுதாதீர்கள்: செடி, வீடு, வேலை மூன்றிலும் பாடம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பராமரிப்புக் குழுவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒருநாள் காலை பத்தரை மணி இருக்கும். சாரத்தின் மூன்றாவது தட்டில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிவிட்டது. கீழே இரும்புத் தகட்டில் ‘டங்’ என்று விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அறந்தாங்கித் தம்பி ஒருவர் அதிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஸ்பேனரைப் பார்த்தார், மேலே பார்த்தார், சிரித்தார். மேலே இருந்தவரும் “சாரிடா” என்று சிரித்தார். ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்கள். வேலை தொடர்ந்தது.

அன்று மாலை, மயிரிழையில் தப்பியதைப் பதியும் ‘நியர் மிஸ்’ படிவத்தில், ‘என்ன நடவடிக்கை’ என்ற கட்டத்தில், “தொழிலாளர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்” என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பாதுகாப்பு அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். “சரி, நாளைக்குக் காலையில் நான் அந்த இடத்துக்குப் போனால் என்ன மாறியிருக்கும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எதுவும் மாறியிருக்காது. அதே சாரம், அதே ஸ்பேனர், அதே வியர்த்த கை.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. செடி பட்டுப்போனால் “அடுத்த முறை நல்லாப் பார்த்துக்கணும்” என்போம். பிள்ளையிடம் கத்திவிட்டால் “இனி கோபப்படக் கூடாது” என்போம். அம்மாவின் மருந்து தவறினால் “ஞாபகமா இருக்கணும்” என்போம். எல்லாம் உண்மையான வருத்தத்தில் சொல்வதுதான். ஆனால் மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பொருள்கூட இடம் மாறியிருக்காது. மூன்று மாதத்தில் அதே தப்பு திரும்ப வரும். என் அனுபவத்தில், கைக்கு எட்டும் ஏதோ ஒன்று மாறினால்தான் பாடம் கற்றதாகக் கணக்கு. பொருள் இருக்கும் இடம், செய்யும் நேரம், செய்யும் வரிசை, இவற்றில் ஒன்று மாற வேண்டும். மனசு மட்டும் மாறினால் போதாது. மனசு அடுத்த அவசரத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஆறு வருடமாக வீட்டில் ஒரு நோட்டு வைத்து இதைச் செய்து வருகிறோம். அந்த முறையை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று, நூலில் கட்டிய பென்சில் ஒன்று. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் இரண்டு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும். கைபேசியில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் அதை நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள். எங்கள் நோட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. என்னைவிட என் மனைவிதான் அதில் அதிகம் எழுதியிருக்கிறார். அம்மாவின் கையெழுத்தும் நான்கைந்து இடத்தில் இருக்கிறது.

பக்கத்தின் இடது ஓரத்தில் ‘செ’, ‘வீ’, ‘வே’ என்று ஓர் எழுத்து போட்டுக்கொள்ளுங்கள். செடி, வீடு, வேலை. உங்களுக்குச் செடி இல்லை, மீன் தொட்டி, சமையல், வீணை, பூப்பந்து என்று வேறு பொழுதுபோக்கு இருந்தால் அதன் எழுத்து. மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, ஐந்தாம் படியில் வரும்.

படி 1: அடிபட்டதை மட்டுமல்ல, தப்பித்ததையும் எழுதுங்கள்

பெரிய தவறுகளை யாரும் மறப்பதில்லை. ‘நல்லவேளை’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவதைத்தான் மறந்துவிடுகிறோம். பால் பொங்கும் முன் அடுப்பை அணைத்தது, பிள்ளையின் பள்ளிப் படிவத்தைக் கடைசி நாள் இரவு கண்டுபிடித்தது, பேருந்து ஏறிய பிறகு வீட்டுச் சாவி கதவிலேயே தொங்குவது நினைவுக்கு வந்து ஓடியது. ‘நல்லவேளை’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்தாலே நோட்டில் எழுத வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதன் அருமை பெரிய விபத்துகளில் தெரியும். 2004 ஏப்ரல் 20 அன்று, வட்டப் பாதை ரயில் தடத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 4 பேர் இறந்தார்கள். சரிவதற்கு முன்பே எச்சரிக்கை அறிகுறிகள் தென்பட்டன, அவற்றுக்குப் போதிய மதிப்பு தரவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இன்று பட்டறைகளில் நியர் மிஸ் படிவங்கள் இருப்பது இந்த மாதிரிப் பட்ட அனுபவத்தால். வீட்டுக்கு அந்த மாதிரிப் படிவம் யாரும் தருவதில்லை, நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி எழுதுவது? மூன்று வரி போதும், அன்றைக்கே எழுத வேண்டும். என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்கலாம். கண் பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். 

எங்கள் தாழ்வாரக் கறிவேப்பிலைச் செடியைப் பற்றி நான் முதலில் எழுதியது இது: “செடி சரியில்லை. சரியாகக் கவனிக்கவில்லை.” இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. மறுநாள் மனைவி அதற்குக் கீழே எழுதியிருந்தார்: “கீழ் இலைகள் மஞ்சள். மண்ணில் விரல் இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் தொட்டி ஓரமாக ஓடி அரை நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடுகிறது.” இப்போது எனக்குச் செடியின் வியாதியே தெரிந்துவிட்டது. மண் இறுகிப்போய்விட்டது. ஊற்றும் தண்ணீர் வேருக்குப் போகவே இல்லை. தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, போதுமான அளவு ஊற்றுகிறோம் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படி 2: ‘யார்’ என்று கேட்காதீர்கள், ‘எது’ என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் பல வீடுகளில் நோட்டு நின்றுபோகும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒருநாள் இரவு எட்டரை. அம்மா இரவுச் சாப்பாட்டோடு சர்க்கரை மாத்திரை போடுகிறவர். சாப்பிட்டு முடித்து, ஃபிரிட்ஜ் மேலிருந்த பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தார். அதில்தான் எல்லா மாத்திரை அட்டைகளும் கிடக்கும். ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினார். என் மகன் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்கி, “பாட்டி, இப்பத்தானே போட்டீங்க?” என்றான். 

“போட்டேனா?”

“சின்னப் பாட்டிகூடப் பேசுறதுக்கு முன்னாடி போட்டீங்க.”

அம்மா உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றார். “ஞாபகமே இல்லப்பா” என்றார். குரல் அடங்கிப்போயிருந்தது. 

அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்தது, “என்னம்மா நீங்க, இதைக்கூடவா…” என்ற வாக்கியம். பாதியில் நிறுத்திவிட்டேன், ஆனால் அந்தப் பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் மாத்திரை பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. திட்டு வாங்குவோம் என்று பயப்படுகிறவர் அடுத்த முறை சொல்லமாட்டார். சொல்லாத தவறை யாராலும் சரிசெய்ய முடியாது. அமெரிக்காவில் 1976 முதல் விமானத்துறையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. விமானிகளும் மற்றவர்களும் தாங்கள் செய்த தவறுகளையும் மயிரிழையில் தப்பியதையும் ரகசியமாகத் தெரிவிக்கலாம். அந்த அறிக்கைகளை வாங்குவது, தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் அல்ல, நாசா. பயமில்லாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். வீட்டில் அப்பா, அம்மா, மாமியார் என்று எல்லாருக்குமே தண்டிக்கும் அதிகாரம் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி: நோட்டில் எழுதியதைப் பற்றி எழுதியவரை யாரும் திட்டக் கூடாது. எழுதாமல் மறைத்ததற்கும் திட்டக் கூடாது. இரண்டாவதைத்தான் கடைப்பிடிக்கக் கஷ்டம்.

‘யார்’ என்பதை விட்டுவிட்டால் ‘எது’ என்று தேடலாம். ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். ஏன் இரண்டாவது முறை எடுத்தார்? போட்டது நினைவில்லை. ஏன் நினைவில்லை? நடுவில் தஞ்சாவூரிலிருந்து சித்தி அழைத்தார், அரை மணி நேரம் பேச்சு. ஏன் டப்பாவைப் பார்த்தும் தெரியவில்லை? அட்டையில் எத்தனை காலியாக இருந்தாலும் இன்று போட்டதா நேற்றுப் போட்டதா என்று அட்டை சொல்லாது. இங்கே நிறுத்துங்கள். கையால் மாற்றக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது. இதற்கும் கீழே போனால் ‘வயசாகிவிட்டது’ என்ற பதில்தான் வரும். உண்மைதான், ஆனால் அதை வைத்து நாளைக் காலை என்ன செய்ய முடியும்?

மருந்து விஷயத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஊகத்தில் இன்னொன்று போட வேண்டாம். மருந்தாளரையோ மருத்துவரையோ கேளுங்கள்.

படி 3: ஐந்து படிக்கட்டில் மேலிருந்து தேடுங்கள்

பாதுகாப்புப் பயிற்சியில் எல்லாருக்கும் சொல்லித் தரும் ஒரு வரிசை உண்டு. ஆபத்தைக் கட்டுப்படுத்த ஐந்து வழிகள், பலமானது மேலே, பலவீனமானது கீழே. முதலாவது, ஆபத்தையே இல்லாமல் செய்வது. இரண்டாவது, வேறொன்றை அந்த இடத்தில் வைப்பது. மூன்றாவது, தடுப்பு, கட்டு, மூடி என்று பொருளால் தடுப்பது. நான்காவது, விதி, நேரம், பயிற்சி, எச்சரிக்கைப் பலகை என்று முறையால் தடுப்பது. ஐந்தாவது, ஹெல்மெட், கையுறை மாதிரி உடம்பில் போட்டுக்கொள்வது. ‘கவனமாக இரு’ என்பதற்கு இந்த ஐந்தில் தனி இடமே கிடையாது.

ஸ்பேனர் கதைக்கு வருவோம். தப்பித்தவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, அது ஐந்தாவது. வேலை நடக்கும்போது கீழே கயிறு கட்டி ஆள் வராமல் செய்வது நான்காவது. ஸ்பேனரை இடுப்புப் பட்டையோடு இணைக்கும் லேன்யார்டு என்ற கயிறும், சாரத்தின் ஓரத்தில் அடிப்பலகையும் மூன்றாவது. முதலாவது என்ன? அந்தப் பகுதிகளில் சிலவற்றைத் தரையிலேயே பூட்டி முடுக்கிவிட்டுப் பிறகு மேலே தூக்கலாம் என்று சொன்னவர், ஸ்பேனரைத் தவறவிட்ட அதே தொழிலாளி. முழுவதும் முடியவில்லை, பாதிக்குமேல் முடிந்தது. மீதிக்கு லேன்யார்டு. படிவத்தை மறுபடி எழுதிக் கொடுத்தேன். இந்த முறை திரும்பி வரவில்லை.

இனி அதே வரிசையை வீட்டில் எப்படிப் பயன்படுத்தினோம் என்று பாருங்கள்.

கறிவேப்பிலைத் தட்டில் தண்ணீர் நிற்பதைச் சொன்னேன் அல்லவா. ஒருநாள் கைவிளக்கை அடித்துப் பார்த்தால் அதில் பொடிப்பொடியாக நெளிந்துகொண்டிருந்தன. கொசுப்புழு. நம் வெயிலுக்கு ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 நாள் போதும். அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ‘தினமும் தட்டைக் கவிழ்க்கணும்’ என்று எழுதினால் அது நான்காவது வழி. ஒரு வாரம் நடக்கும், தீபாவளி வேலை வந்தால் நின்றுபோகும். அதனால் மேலே ஏறி யோசித்தோம். தட்டு எதற்கு? தாழ்வாரம் நனையாமல் இருக்க. தாழ்வாரத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவதால்தானே அது நனைகிறது? தட்டை எறிந்துவிட்டோம். தொட்டிக்குச் சக்கரப் பலகை வாங்கினோம். புதனும் ஞாயிறும் செடி குளியலறைக்கு வரும். இறுகிய மண்ணைச் சத்தே குச்சியால் (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) குத்திவிட்டு, கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கொஞ்சம் ஊற்றுவோம். அரை மணி நேரம் வடிந்த பிறகு திரும்பப் போகும். சக்கரம் வந்ததில் இன்னொரு நன்மையும் சேர்ந்தது. தாழ்வாரத்தில் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. முன்பு தொட்டி மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து வந்துவிடும். இப்போது சுவரோரம் தள்ளிவிடுவது சுலபம். இறுகிய மண்ணைக் கிளறிவிடச் சொல்வதும், தட்டுத் தண்ணீரைக் கொட்டச் சொல்வதும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கி அறிவுரையிலேயே இருக்கிறது. செடிக்கு நல்லதும் ஊருக்கு நல்லதும் ஒன்றாகவே அமைந்தது.

அம்மாவின் மாத்திரைக்கு முதல் வழியில் என்ன செய்யலாம் என்று பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பில் கேட்டோம். இரவில் போட்ட இன்னொரு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம் என்று மருத்துவரே சொன்னார். அதை நாமாகச் செய்யக் கூடாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். இரவுக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்கு ஏழு நாள் கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி. இன்றைய கட்டம் காலியாக இருந்தால் போட்டாகிவிட்டது. நினைவு வைத்திருக்கும் வேலை அம்மாவிடமிருந்து பெட்டிக்குப் போய்விட்டது. இரண்டு வாரம் பேசாமல் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை தானே பெட்டியை நிரப்பிவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

மூன்றாவது உதாரணம் சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். மகன் தொடக்கநிலை ஆறில் இருந்தபோது கணக்கில் 74 வாங்கி வந்தான். 2021 முதல் இருக்கும் மதிப்பீட்டு முறையில் 75 முதல் 79 வரை நான்காம் நிலை, 65 முதல் 74 வரை ஐந்தாம் நிலை (நிலை எண் குறைந்தால் நல்லது). ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு அவனிடம் நான் கத்தியதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. அவன் பதில் பேசவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அன்று இரவு எழுதினேன், ‘ஏன்’ என்று இறங்கினேன். நான் வீட்டுக்கு வந்தது ஏழே முக்கால். மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. காலணியைக் கழற்றுவதற்கு முன்பே தாளை வாங்கிப் பார்த்தேன். அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினால், வீட்டில் நான் குரல் உயர்த்திய ஐந்து நாளில் நான்கு, வேலைநாள் மாலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே. என் கோபத்துக்கு ஒரு நேரம் இருந்தது, அது எனக்கே தெரியாது. ‘கோபப்படக் கூடாது’ என்று எழுதவில்லை. “மதிப்பெண் பேச்சு சனிக்கிழமை காலை, தோசைக்குப் பிறகு. அதுவரை தாள் டிவிக்குக் கீழே உள்ள கோப்பில்” என்று சில நாள் கழித்து எழுதினோம். மகன்தான் ‘தோசைக்குப் பிறகு’ என்பதைச் சேர்த்தான். இது நான்காவது வழிதான், பலம் குறைவுதான். ஆனால் பசியோடு இருக்கும் மனிதன் கைக்குத் தாள் போகாது. அந்த வருடம் முழுதும் அது தாங்கியது.

படி 4: ஞாயிறு பத்து நிமிடம், ஒன்றே ஒன்று

வாரத்தில் ஏழெட்டுக் குறிப்பு சேரும். எல்லாவற்றையும் சரிசெய்யக் கிளம்பாதீர்கள். ஞாயிறு தேநீர் நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஏழு நாளுக்குள் கையால் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். எழுதி முடித்ததும் அந்தப் பாதுகாப்பு அதிகாரியின் கேள்வியைக் கேளுங்கள்: நாளைக்குக் காலையில் அந்த இடத்தில் என்ன மாறியிருக்கும்? பதிலில் ஒரு பொருளோ, இடமோ, நேரமோ இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.

படி 5: ஒன்றில் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோங்கள்

மூன்றையும் ஒரே நோட்டில் எழுதச் சொன்னதன் காரணம் இதுதான். ஒரு ஞாயிறு, செடிக் குறிப்புக்கு இரண்டு வரி கீழேயே, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற கூட்டத்தைப் பற்றி ஒரு வேலைக் குறிப்பு இருந்தது. “டூல்பாக்ஸ் மீட்டிங்கில் 20 நிமிடம் புதிய நடைமுறை விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து மணிக்கு மூன்று பேர் பழைய முறையிலேயே செய்தார்கள்.” மேலே பார்த்தேன்: “தண்ணீர் ஊற்றினால் ஓரமாக ஓடி அரை நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடுகிறது.”

என் குழுவில் தமிழ்நாட்டுக்காரர்கள், பங்களாதேஷ்காரர்கள், சீனர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். காலை எட்டு மணி வெயிலில் நிற்க வைத்து, ஒரேயடியாக 20 நிமிடம் கொட்டினால் அது ஓரமாகத்தான் ஓடும். தலையாட்டல் என்பது தட்டில் தேங்கிய தண்ணீர். நான் அதைப் பார்த்து, உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். செடிக்குச் செய்ததையே செய்தேன். காலையில் ஐந்து நிமிடம், பத்து மணிக் கோப்பி இடைவேளைக்குப் பிறகு வேலை நடக்கும் இடத்திலேயே இன்னொரு ஐந்து நிமிடம். “புரிஞ்சுதா?” என்று கேட்பதை நிறுத்தினேன். அதற்கு “புரிஞ்சுது அண்ணே” தவிர வேறு பதில் வராது. “முதல்ல எந்த வால்வை மூடுவீங்க? காட்டுங்க” என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் நாள் இருவர் தவறான வால்வில் கை வைத்தார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். இரண்டாம் படியின் விதி பட்டறைக்கும் பொருந்தும்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒப்புமை கிடைத்த மகிழ்ச்சியில் மனிதர்களைச் செடியாக்கிவிடாதீர்கள். பிள்ளைகளைப் பற்றி ‘கத்தரித்தால்தான் கிளைக்கும்’ என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கறிவேப்பிலையின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், உண்மை. அதை வைத்துப் பிள்ளையின் ஆசையைக் கிள்ளலாம் என்று சொல்வது கொடுமை. ஒப்புமை *உங்கள்* செய்கையை மாற்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவரை மாற்றுவதற்கு அதைச் சாக்காக்காதீர்கள்.

படி 6: சூழ்நிலை மாறினால் மறுபடி பாருங்கள்

வேலையிடத்தில் ஆபத்து மதிப்பீட்டைக் குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. விபத்து நடந்தாலோ, வேலைமுறை பெரிதாக மாறினாலோ அதற்கு முன்பே செய்ய வேண்டும். வீட்டில் எதுவும் 3 ஆண்டு அப்படியே இருப்பதில்லை. தேர்வு ஆண்டு, புதிய மாத்திரை, வேலை நேர மாற்றம், ஊர்ப் பயணம், டிசம்பர் மழை, ஒவ்வொன்றுக்கும் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள்.

நாங்கள் புரட்டாமல் விட்ட ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். அம்மா மூன்று வாரம் தஞ்சாவூர் போனார். மாத்திரைப் பெட்டியை நிரப்பிக் கொடுத்து அனுப்பினோம். நாலாம் நாள் சித்தி அழைத்து, “அக்கா சாயங்காலமே மாத்திரை போட்டுட்டு, ராத்திரி எட்டரைக்குத்தான் சாப்பிடுது. நடுவுல ஒரு மாதிரி படபடன்னு வருதுங்குது” என்றார். அம்மா கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருந்தார். பேரன் தூங்குவதற்கு முன் அழைக்க அது வசதி என்று அப்படியே விட்டிருக்கிறார். இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே மாலை 5.30. கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே போடுகிறார் என்று அர்த்தம்.

கடிகாரத்தை மாற்றச் சொல்லலாம். ஆனால் பேரனின் நேரத்தை அவர் கையில் கட்டிக்கொண்டு ஊர் முழுக்க நடக்கிறார், அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் பெட்டியின் இடத்தை மாற்றினோம். சித்தி வீட்டில் இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் பெட்டியை வைத்தார்கள். தட்டை எடுக்காமல் சாப்பிட முடியாது, பெட்டியை எடுக்காமல் தட்டை எடுக்க முடியாது. அம்மா திரும்பி வந்த பிறகு இங்கேயும் அப்படியே செய்கிறோம். பயணத்தில் பிறந்த முறை, பழைய முறையைவிட நல்லதாகிவிட்டது.

நோட்டில் எழுதக் கூடாதவை

அடுத்தவர் குறை. வீட்டில் தொங்கும் நோட்டில் ஒருவர் குறையை இன்னொருவர் எழுதினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். அவரவர் அவரவருக்கு நேர்ந்ததை எழுதட்டும்.

அப்புறம், துக்கம். அப்பா இறந்த வாரம் நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் முன்னதாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தால் என்று எழுத ஆரம்பித்தேன். ஏன், ஏன் என்று பக்கம் பக்கமாக இறங்கினேன். மனைவி பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, “இதுல மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. அழுங்க” என்றார். எல்லா நிகழ்வும் பாடம் தராது. சிலவற்றுக்கு அழுகைதான் முறை. அந்தப் பக்கங்களை நான் கிழிக்கவில்லை, திரும்பப் படிக்கவும் இல்லை.

முதல் வாரத்துக்கு

இன்று இரவே தொடங்குவதென்றால், இன்று எத்தனை முறை ‘நல்லவேளை’ என்று சொன்னீர்கள் என்று யோசித்து, அதில் ஒன்றை மூன்று வரியில் எழுதுங்கள். முதல் ஞாயிறு வரை எதையும் சரிசெய்ய முயல வேண்டாம், எழுதிக்கொண்டு மட்டும் இருங்கள். வீட்டில் மற்றவர்களை எழுதச் சொல்லவும் வேண்டாம். நோட்டு கண்ணில் படும் இடத்தில் தொங்கினால் அவர்களே ஒருநாள் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் மகன் எழுத நாலு மாதம் ஆனது. அவன் எழுதிய முதல் குறிப்பு: “அப்பா வரும்போது கதவு பூட்டு சத்தம் கேட்டால் வயிறு வலிக்கிறது.” 74 மதிப்பெண் மாலைக்கு மூன்று நாள் கழித்து எழுதியது. சனிக்கிழமை தோசை விதி அந்த வரியிலிருந்துதான் பிறந்தது.

இந்த வாரப் பக்கத்தில் ‘செ’ என்று போட்டு ஒரு குறிப்பு இருக்கிறது. கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தவற்றைத் தொட்டால் அசைகின்றன. ஐந்து புழுக்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிகள், கொஞ்ச நாளில் பச்சையாகிவிடும். ரசத்துக்கு இலை வேண்டும் என்கிறார் மனைவி. விட்டுவிடுங்கள் என்கிறான் மகன். மூன்றைப் பக்கத்து எலுமிச்சைச் செடிக்கு மாற்றியிருக்கிறோம், இரண்டைக் கறிவேப்பிலையிலேயே விட்டிருக்கிறோம். எந்தச் செடியில் எத்தனை மிஞ்சுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்ப்பது அவன் பொறுப்பு.